ஒன்பதாம் பக்கத்தை எடுக்க மறுத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, துறைத்தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, தம்பியே, இருக்கை போதாமல் சுவரோரம் நிற்கும் இந்நாள், முன்னாள் மாணவர்களே! எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். இயற்பியல் துறையில் முப்பதாண்டு இருந்தவன் நான். அளந்து பேசித்தான் பழக்கம். இன்றும் அப்படியே பேச முயல்கிறேன்.

பட்டமேற்படிப்பு மாணவர் தலைமைப் பயிற்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மையார், கடந்த வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்தாறு. அதில் பதினான்கு ஆண்டுகள் இந்தத் திட்டத்துக்குக் கொடுத்தவை.

அவருடைய உறவினர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். அவர் இங்கே என்ன வேலை பார்த்தார் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? ஆய்வுக்கூடமே கதி என்று கிடக்கும் மாணவர்களில் ஆண்டுக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார். வாரம் ஒருநாள் பயிற்சி. ஒவ்வொருவரும் இந்த வளாகத்தில் உள்ள ஒரு குறையைக் கையில் எடுத்து, ஓராண்டு அலைந்து, ஆட்சிக்குழுவின் முன் நின்று அறிக்கை வைக்க வேண்டும். கேட்க எளிது! பேராசிரியர்களோ அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டை. அவர்களில் மூன்று பேரை ஒரே நாளில் ஒரே அறையில் உட்காரவைத்தவர் இந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் ஒருவர்தான். பேச்சு ஒத்திகையில் மாணவர்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், "இன்னொருக்கா" என்பார். அதனால் அவருக்கு 'இன்னொருக்கா அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அது தெரியும். "பட்டப்பேரு வைக்கிற அளவுக்கு தைரியம் வந்துடுச்சுல்ல, போதும்" என்று சிரித்தார்.

அந்தத் திட்டத்தின் தேர்வுக் குழுத் தலைவராக நான் இருந்தேன். எனவே ஒரு நிகழ்ச்சியை நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாராலும் சொல்ல முடியாது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கணிதத் துறை ஆய்வு மாணவி ஒருவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஆய்வு மாணவர்கள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள்? நாற்பத்தொரு பேரிடம் பேசி அறிக்கை எழுதினார். ஆட்சிக்குழுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மையார் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

ஒன்பதாம் பக்கத்தில் யார் பெயரும் இல்லாமல் ஒரு பத்தி இருந்தது. ஒரு மாணவர் ஆறு மாதம், வாரம் இருமுறை, தன் ஆய்வு வழிகாட்டியின் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஆய்வு நின்றது. மறுக்க வழியில்லை, போய்ச் சொல்ல ஆளில்லை. கடைசியில் படிப்பை விட்டார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "ஏம்மா, இந்த ஒன்பதாம் பக்கத்தை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அதை எடுத்துட்டா மத்ததுக்கு அர்த்தமே இல்லீங்க சார்."

"எதுக்கு வீண் வம்பு? அந்தப் பொண்ணோட எதிர்காலத்தையும் யோசிங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். வருஷம் பூரா துணிஞ்சு பேசு, துணிஞ்சு பேசுன்னு சொல்லிக்குடுத்துட்டு, கடைசி நாள்ல வாயை மூடுன்னு எந்த முகத்தோட சொல்லுவேன்?"

மறுநாள் பார்த்தால், அறிக்கையின் மேலட்டையில் மாணவியின் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அடி விழுந்தால் முதலில் தன் மேல் விழட்டும் என்று!

கூட்டத்தில் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "யார் அந்தப் பேராசிரியர்?" மாணவி அம்மையாரைத் திரும்பிப் பார்த்தார். அம்மையார் எழுந்தார். "பேரு முக்கியம் இல்லீங்க ஐயா. இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு இன்னொருத்தர். அந்தப் பையன் யார்கிட்ட போய்ச் சொல்லியிருக்கணும், அதைச் சொல்லுங்க."

அவையோரே, அந்தப் பேராசிரியர் அந்த அறையில்தான் இருந்தார். மருத்துவமனைக்குப் போனது என் தாயார். அந்தப் பேராசிரியர் நான்.

இதை நான் ஒரு சபையில் சொல்வது இதுவே முதல் முறை. அவர் இருந்தபோது சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது கேட்டேன்: "அது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் முதல்ல உங்ககிட்ட கொண்டுவந்தேன். நீங்களே எழுந்திரிச்சு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு பன்னிரண்டு இடங்கள் ஆறாயின. அவருடைய அலுவலகம் மாடிப்படிக்குக் கீழே, நகலெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்துக்குப் போனது. இரண்டு உத்தரவுகளும் என் பார்வைக்கு வந்தன. நான் மறுப்பு எழுதவில்லை. அவர் மட்டும் ஆறு பேரை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு பேருக்கான வேலையைச் செய்தார். படிப்பை விட்டுப்போன அந்த மாணவருக்கு நான்கு கடிதம் எழுதினார். நான்காவதற்குப் பதில் வந்தது. அதற்குள் மூன்றாண்டு மல்லுக்கட்டி ஒரு விதியையும் கொண்டுவந்திருந்தார். வழிகாட்டியை மாற்ற இனி அந்த வழிகாட்டியின் அனுமதி தேவையில்லை. தனிக்குழு முடிவு செய்யும். அந்த விதியின்படி முதலில் திரும்பிவந்தவர் அவர்தான். இன்று முனைவர். இந்த அரங்கில்தான் இருக்கிறார் என்றார்கள்.

படிப்பை விட்டுத் திரும்பிவந்த தம்பி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நான் தேடவில்லை. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

தலைமை என்பது என்ன? மேடையா? ஒலிவாங்கியா? இரண்டும் இப்போது என்னிடம் இருக்கின்றன! இரண்டும் இல்லாமல் மாடிப்படிக்குக் கீழே இருந்தவரிடம்தான் தலைமை இருந்தது.

துணைவேந்தர் அவர்களே, பழையபடி பன்னிரண்டு இடங்கள் வேண்டும் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் உங்கள் கையில் தருவேன். புதிய ஒருங்கிணைப்பாளர் வரும்வரை ஊதியமின்றி அந்த வேலையை நான் பார்க்கிறேன். ஓய்வுபெற்றவன், நேரம் இருக்கிறது.

இந்த ஆண்டுக்கு நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. இருபத்தாறை அம்மையார் படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறார். மீதிப் பதினேழை நேற்று முதல் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நேர்காணல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. தள்ளிவைக்கப்படவில்லை. விண்ணப்பித்தவர்கள் வந்துவிடுங்கள்.