கைராசி வண்டி

எனக்குக் கைராசி உண்டு, ஐயா. நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, படைப்பிரிவில் என் பெயரே 'கைராசி சார்ஜென்ட்'தான். வீட்டில் மட்டும் அந்தப் பட்டம் செல்லாது. "ஊருக்கெல்லாம் கைராசி, நம்ம ரோஜாத் தொட்டிக்கு மட்டும் கிடையாதா?" என்பாள் மனைவி. "வாடப்போற செடியை வாங்கிட்டு வந்தா நான் என்ன பண்றது?" என்பேன்.

விசாரிக்க வந்துவிட்டீர்கள், ஆதியோடந்தமாகவே சொல்லிவிடுகிறேன். ஊசி கொதிக்கவைக்கும் சிப்பாயாகச் சேர்ந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஆம்புலன்சுக்கே பொறுப்பாளன். டாக்டர்கள் வருவார்கள், போவார்கள். அவர்களுக்கு நரம்பு தேடக் கற்றுக்கொடுத்தது நான்தான். மருந்தறை வாசலுக்கு மேலே ஒரு பலகை பார்த்திருப்பீர்கள்: 'எங்கள் வண்டியில் ஏறிய எவரும் வழியில் இறந்ததில்லை.' தளபதியே தன் கையால் மாட்டியது. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. அந்தப் பலகையைத்தான் தினமும் துடைத்து வளர்த்தேன்.

நிறையப் பேர் அடிபட்டுக் கிடந்தால் முதலில் மணிக்கட்டில் சீட்டுக் கட்டுவோம். சிவப்பு என்றால் உடனே ஏற்று. மஞ்சள் பொறுக்கலாம், பச்சை நடக்கலாம். கறுப்பு என்றால் இனிப் பயனில்லை, விட்டுவிடு. கறுப்புக் கட்டியவரை அடுத்தவர் குனிந்து பார்க்கமாட்டார். அதுவும் என் முடிச்சு என்றால் டாக்டரே தாண்டிப் போவார்.

மருத்துவமனைக்கு நாற்பது நிமிட மலைப்பாதை. சிலரைப் பார்த்தால் தாங்குவாரா மாட்டாரா என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்டவர்களில் பாதிப் பேர் தாங்கிவிடுவார்கள் என்பது அனுபவம். ஆனால் பாதியை நம்பிப் பலகையைப் பணயம் வைக்கமுடியுமா? சந்தேகம் வந்தால் கறுப்பு. பலகை வந்த ஒன்பது வருடத்தில் பதிமூன்று பேர், அவ்வளவுதான். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒவ்வொருவருக்கும் உதட்டை நனைத்துவிட்டுத்தான் நகர்வேன். ஒருவன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்கும் என்றேன்.

போன மாதம் பாலம் இடிந்ததில் எங்கள் சமையற்காரன் மாட்டிக்கொண்டான். 'உப்பு' என்று கூப்பிடுவோம். பதினைந்து வருடம் எனக்குச் சோறு போட்டவன். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டும், நான் மறுக்கவில்லை. வயிற்றில் இரும்புத்துண்டு. சீட்டைக் கட்டும்போது என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, எனக்கு என்ன கலர்?"

"பச்சைடா. நீ நடந்தே போயிடலாம்."

"அப்ப சரிண்ணே," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

வண்டியில் ஒரு படுக்கை காலியாகவே போனது.

அந்த வழியாக வந்த பால்வண்டிக்காரருக்குச் சீட்டின் நிறமெல்லாம் தெரியாது. மூச்சு இருந்தது, தூக்கிப் போட்டுக்கொண்டார். பால் கேன்களுக்கு நடுவே அதே நாற்பது நிமிடம். உப்பு பிழைத்துக்கொண்டான். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். "பச்சைன்னீங்களேண்ணே," என்றான். பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

உப்பினுடையதையும் சேர்த்துப் பதினான்கு சீட்டும் நான் கட்டியவை, தெரிந்தே கட்டியவை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். பலகையைக் கழற்றப்போவதாகக் கேள்வி. வேண்டாம், ஐயா. அதில் ஓர் எழுத்தாவது பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.