படித்துறையில முன்னூறு மீனு

நிக்கிறேன் சார், பரவால்ல. ஒக்காந்தா கோவம் எறங்கிப்போகும். முன்னூறு மீனுன்னு ஒங்க மீன்துறை ஆபீசு பேப்பர்ல இருக்குல்ல, அது தப்புங்கிறேன். எத்தன தடவ சொல்றது? வீரபாண்டி ஆத்துப் படித்துறையில இருவது வருசமா பொரி விக்கிறேன். அங்கன எம்புட்டு மீனு கெடக்குன்னு எனக்குத் தெரியாதா?

வீடியோவா? பாத்தேனே. தண்ணிக்குள்ள கேமராவ வச்சு மீனு எண்ண வந்துச்சே ஜாய்ஸுன்னு ஒரு புள்ள, அதுதேன் லேப்டாப்புல காட்டுச்சு. மொத நாலு நாளு என்ன தெரிஞ்சுச்சு தெரியுமா? கலங்கல் தண்ணியும் ஷாம்பு பாக்கெட்டும். அஞ்சாம் நாளு யாரோ முழுகிட்டு ஆத்தோட விட்ட சேல வந்து கேமராவ மூடிக்கிருச்சு. நாளு பூரா ஒரே ரோஸ் கலரு. மீனுன்னு பாத்தா ஒரு கெளுத்தி, ரெண்டு ஜிலேபிக் கெண்டை. வெறுங்கையோட போனா காலேஜுல ஏசுவாகன்னு அந்தப் புள்ள படியிலயே ஒக்காந்திருச்சு. சோறு கூட திங்கல சார்.

ஆறாம் நாளு மட்டும் முன்னூறு எப்பிடி வந்துச்சா? வந்துச்சு, விடுங்களேன்.

அத வச்சு மீனு மண்டிக் கெடக்குன்னு வலை போட ஏலம் விடுறீகளே, அதேன் வயிறு எரியுது. மேலயும் கீழயும் தேடுனாலும் உள்ளதே அம்புட்டுத்தேன். ரெண்டு வலைய வீசுனா ஒரே நாள்ல தொடச்சுருவாக. வாலு பிஞ்ச கெண்டை ஒண்ணு இருக்கு சார். நான் படியில கால வச்சாப் போதும், வந்து நிக்கும். அது போச்சுன்னா நான் யாரைப் பாக்க அங்கன போறது? நேந்துக்கிட்டு வர்ற சனம் பொரிய வாங்கி வெறுந் தண்ணிக்கா போடும்?

ஆதாரமா? கேமரா பொய் சொல்லாதா? அட, அது பொய் சொல்லல சார். நெசத்தச் சொன்னா அந்தப் புள்ளைக்குக் கேடு வந்துரும்னுதேன் இம்புட்டு நேரமாச் சுத்திச்சுத்திப் பேசுறேன்.

அந்த வீடியோவ மறுபடி போடுங்க. வெள்ள வெள்ளையா மெதக்குதுல்ல? நொரையின்னு எழுதிருக்கீக. நொரையில்ல சார், பொரி. அந்த ஆறாம் நாளு, யாரும் எதுவும் போடாமப் பாத்துக்கங்க அக்கான்னு என்னைய நம்பிச் சொல்லிட்டு அந்தப் புள்ள டீ குடிக்கப் போச்சு. ரெண்டு படிப் பொரிய நனைச்சு உருட்டி கேமரா முன்னால நாந்தேன் போட்டேன். மேலயும் கீழயும் கெடந்த மீனு பூரா அதத் திங்க அங்கன கூடிருச்சு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.

பேரு மாரீஸ்வரி. எழுதிக்கங்க.