மீன் வண்டியில் வந்த கொடி

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லையில செத்துப்போன என் தம்பிய மீன் வண்டியில கொண்டாந்தாங்கண்ணே."

"மீன் வண்டியிலயா?"

"ஆமா. பெட்டி மேல போத்துன கொடியெல்லாம் மீன் தண்ணி. கேட்டா, வேற வண்டி கெடைக்கலங்கறாங்க."

"நீ சும்மாவா வுட்ட?"

"பெட்டிய எறக்க வுடாம வண்டிக்கு முன்னாடி உக்காந்துட்டேன். பெரிய அதிகாரி வரட்டும்னேன். மாலையோட வந்தாரு. மாலை இருக்கட்டும் சார், மொதல்ல வண்டியில ஏறிப் பாருங்கன்னேன்."

"ஏறுனாரா?"

"ஏறுனாரு. ஒடனே கைக்குட்டைய எடுத்து மூக்க மூடிக்கிட்டாரு. கைக்குட்டைய எடுங்க சார், எங்கம்மா வண்டியில ஏறி அந்தப் பெட்டியத்தான் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்குன்னு கத்திட்டேன்."

குடிகாட்டு ஆலைகளின் ரசாயன நெடி ஜன்னல் வழியே வந்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை.

"அப்பறம்?"

"புதுக் கொடி கொண்டாந்து போத்துனாங்க. ஊருக்கு முன்னாடி மன்னிப்பும் கேட்டாரு. அந்த வண்டிய அனுப்புனது யாருன்னு கேட்டா மட்டும், விசாரிக்கிறோம்ங்கறாரு."

"இன்னுமா விசாரிக்கிறாங்க?"

"அதக் கேக்கத்தான் அவரு ஆபீசுக்குப் போறேன். இன்னிக்கி பேரு தெரியாம திரும்ப மாட்டேன்."

கடலூர் வந்தது. பேருந்து நிற்பதற்கு முன்பே அந்தப் பெண் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்.