கடனாளிக்குப் போர்த்திய பொன்னாடை

ஹலோ... ஓம், மிஹ்லார்தான் கதைக்கிறன். கதிரை, பந்தல், பீங்கான் கோப்பை எல்லாம் வாடகைக்கு இரிக்கி. கலியாணமா, புள்ளைக்குக் கத்னாவா?...

ஆ... சபையிலயிருந்தா. கடன் ஆலோசனைப் பிரிவு... ஓம், ஓம், விதுஷா தங்கச்சி. தெரியும். அண்டைக்கு ஒங்கட கடன் கூட்டத்துல மைக்கக் கொண்டுவந்து என்ட கையில தந்த புள்ளதானே. சொல்லுங்க. கதிரை ஏதும் குறையுதா?...

இல்லயா. மறுகா?...

என்னது?... நானா?... சவளக்கடைக்கு நான் வந்து, அங்கத்த வெள்ளாமைக்காரங்களுக்குக் கடனப் பத்திக் கதைக்கணுமா...

தங்கச்சி, நீங்க ஆளத் தெரிஞ்சுதான் கதைக்கிறீங்களா?...

ஓம்... ஓம்... நல்லாக் கதைச்சன் எண்டு ஒங்கட பெரியவரும் சொன்னாரா. மாஷா அல்லாஹ்...

இல்ல, வர ஏலா... வேல ஒண்டுமில்ல. வேல எங்க இரிக்கி? கலியாணம் எண்டா இப்ப வீட்டுக்குள்ள நாலு பேருக்கு டீயும் கேக்கும். கதிரையெல்லாம் அடுக்கினபடி கிடக்கு... இல்ல, பெருமையும் இல்ல... வாகனம் வேற அனுப்புவீங்களா? ஐயோ, வேணாம்.

பொறுங்க, கதவச் சாத்திட்டு வாறன்...

ஹலோ. இரிக்கிங்களா? ஒங்களுக்குப் பக்கத்துல ஆரும் நிக்கிறாங்களா?... ஆலோசனைக்கு வந்த ஆக்களா. அவங்களுக்குக் கேக்காம ஃபோனக் காதோட அமத்திப் புடிங்க. நான் அண்டைக்குப் பேச வரல்ல. டோக்கன் எடுக்க வந்தன்.

...ஓம், டோக்கன். கடன்பட்ட ஆக்கள் வரிசையில நிண்டு எடுக்கிற துண்டு. அதுதான்...

பகிடி இல்ல தங்கச்சி. கேளுங்க. அண்டைக்கு மண்டபத்துல இருந்த கதிரையெல்லாம் என்ட. கதிரையும் என்ட, கடனும் என்ட. கதிரை பார்க்க வந்த சாட்டுல உள்ள வந்து, சனம் காணாம ஒரு டோக்கனும் எடுத்துக்கிட்டுப் போகலாம் எண்டு எனக்கொரு யோசனை. யோசனைக்கு மட்டும் என்னட்டப் பஞ்சமில்ல. வந்து பார்த்தா முன்வரிசையில ஒரு கதிரைக்குக் கால் வெடிச்சிரிக்கி. அதுல ஒரு பெரிய மனிசன் குந்தி விழுந்தா, என்ட தொழிலும் அவரோட சேந்து விழுந்துரும். மாத்துறதுக்குள்ள குர்ஆன் கிறாஅத் ஓதத் தொடங்கிட்டாங்க. அதால நானே குந்திட்டன். கால ஊண்டிக்கிட்டு, அரைவாசிப் பாரத்தத்தான் கதிரையில வச்சன்...

ஓம், சிரிங்க. நான் ஜும்ஆ முடிஞ்சு நேரா வந்தவன். வெள்ளச் சேர்ட்டு, தொப்பி, அத்தர். நம்மட ஊருல வி.ஐ.பி. ஆகிறதுக்கு அது காணும். ஆரோ வந்து நெஞ்சுல பூவக் குத்திட்டாங்க. வேணாம் எண்டு எழும்பினா கதிரை சரியும். மறுகா மைக்குல சொல்றாங்க, பிரபல தொழிலதிபர், சமூக சேவையாளர், அல்ஹாஜ் மிஹ்லார் அவர்கள் எண்டு. நம்மட பேருல இன்னொருத்தரும் இரிக்காரு போல எண்டு நானும் பின்னால கிறுகிப் பார்த்தன்...

அல்ஹாஜ் எண்டா ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரு. நான் கொழும்புக்குப் போறதுக்கே ரெண்டு பேர்ட்டக் கைமாத்து வாங்கணும்.

...ஓம், பொன்னாடையும் போர்த்திட்டீங்க. கடனாளிக்குப் பொன்னாடை போர்த்தின சபை இந்த இலங்கையிலயே ஒங்கட சபை ஒண்டுதான்...

பேச்சா? அதுக்கு நான் எங்கயும் போய்ப் படிக்கல்ல. நான் என்னென்ன பிழை செஞ்சனோ, அதொண்டையும் செய்யாதீங்க எண்டு சொன்னன். அதான் அப்பிடிச் சரளமா வந்திரிக்கி. கலியாணக் காலத்த நம்பி லீசிங்குல ஜெனரேட்டர் எடுக்காதீங்க. ஒரு கடன அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீங்க. பொஞ்சாதிக்கு ஒளிக்காதீங்க... ஓம், அந்த இடத்துலதான் திரைக்கு அங்கால பொம்புளைகள் கை தட்டினது...

இருந்தபடியே பேசினத அடக்கம் எண்டு சொன்னாங்களா? எழும்ப ஏலாம இருந்தன் தங்கச்சி. கண் கலங்கினதும் அதுக்குத்தான். தொடை ரெண்டும் விட்டுப் போச்சு.

...டோக்கனா? எடுக்கல்ல. பொன்னாடையோட போய் எப்பிடி வரிசையில நிக்கிற?

...எவ்வளவு எண்டத விடுங்க. எல்லாம் இண்டைக்கு முடிஞ்சிரும். பகல் லுஹர் தொழுதிட்டு மீராமுகைதீன் ஹாஜியார் வாறாரு. ரெண்டு பேரும் காணி உறுதி எழுதுற நொத்தாரிசுக்கிட்டப் போறம்... ஓம், கடனடைக்க அவர் சல்லி தாறதுக்குத்தான்.

...சீ, வட்டி எடுக்கமாட்டாரு. வட்டி நமக்கு ஹறாம், அவருக்கும் ஹறாம். அதால காணிய அவருக்கு வித்த மாதிரி உறுதி முடிச்சுக் குடுக்கிறது. சல்லியத் திருப்பிக் குடுத்தா, காணிய நமக்குத் திருப்பி எழுதித் தருவாரு. வட்டி எண்ட கதையே இல்ல...

எதுல எழுதியிரிக்கி?... எழுத்துல ஒண்டுமில்ல. வாய்க் கதைதான். நல்ல மனிசன் அவரு...

திருப்பிக் குடுக்க ஏலாட்டியா?...

ம்...

ஓம். விளங்குது. நீங்க கேக்கிற கேள்வி ஒண்டும் நான் கேக்காத கேள்வி இல்ல. ராவெல்லாம் அதத்தான் கேட்டுக்கிட்டுக் கிடக்கிறன். காணி மட்டுமில்ல தங்கச்சி, அதுல நிக்கிற சுவரும் போயிரும். என்ட மகள் ஹிமாயாட வீடு. நம்மட பக்கம் பொம்புளப் புள்ளைக்கு வீடு கட்டிக் குடுத்தாத்தானே கலியாணம். மாப்புள வந்து இரிக்கிறது அங்கதானே. ஒங்கட பாண்டிருப்பிலயும் அப்பிடித்தானே?... ஓம். சீமெந்து விலை ஏறக்குள்ள சுவர் மட்டும்தான் எழும்பியிருந்த. கூரைக்கு எடுத்த கடன் ஜெனரேட்டருக்குப் போச்சு. அவள் பின்னேரத்துல போய் அந்தச் சுவருக்குத் தண்ணி ஊத்திட்டு வாறவள். அத விக்கப் போறன் எண்டு அவளுக்குத் தெரியா.

...

ஓம்... சொல்லுங்க... கையெழுத்து வைக்காதீங்க எண்டா சொல்றீங்க... அறுதியா வித்ததா எழுதினா அறுதிதான், கோட்டுக்குப் போனாலும் பாடு எண்டு... ஓம்... சட்டம் தெரிஞ்ச ஆள் ஒங்கட பிரிவுல இரிக்காரா. சல்லி எடுக்கமாட்டாரா... லீசிங் கொம்பனிக்கும் நீங்க காயிதம் போடுவீங்களா. தவணைய நீட்டித் தருவாங்களா?...

வாக்குத் தர ஏலாதா. சரி. உண்மையச் சொல்றீங்க, நல்லம். நான் எண்டா மேடையில கட்டாயம் நீட்டுவாங்க எண்டு சொல்லியிரிப்பன்.

...இப்பவே வரணுமா? வரலாம்... பொஞ்சாதியையும் கூட்டிக்கிட்டா? அது ஏலா தங்கச்சி. ஒளிக்காதீங்க எண்டு நான் சொன்னது ஊருக்கு. வீட்டுக்கு இல்ல...

அவட பேரா? முனவ்வறா... ஓம், சட்டை தைக்கிறவதான். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?...

ஹலோ?... தங்கச்சி, லைன் கட்டாயிட்டா?... இரிக்கிங்களா. ஏன் கதைக்கிறீங்க இல்ல?... விருப்பமா எண்டு ஆருட்டக் கேக்கிறீங்க? ஃபோன ஆருக்குக் குடுக்கப் போறீங்க?...

...முனவ்வறா?

நீ தையல் மெஷின் திருத்த எண்டுதானே போனாய்... ஓம்... நான்தான். இவ்வளவு நேரமும் நான்தான் கதைச்ச... ஒனக்கு ஒண்டும் கேக்கல்லயா? தங்கச்சியும் ஒண்டும் சொல்லல்லயா? நல்ல புள்ள.

...அண்டைக்கும் வந்திரிக்கியா? திரைக்கு அங்காலயா?... கை தட்டினதுல நீயும் ஒராளா... ஓ. புருசனுக்கு ஒளிச்சது பாவம் எண்டு என்ட பேச்சக் கேட்டுத்தான் ஒனக்கு விளங்கிச்சா. யா அல்லாஹ்.

என்னத்த ஒளிச்சாய்?... பொம்புளைகள்ட குழுக் கடனா. எதுக்கு?... ஜெனரேட்டர் தவணைக்கா? அது ஒன்ட தம்பி மசூர் கட்டார்லருந்து அனுப்பின சல்லி எண்டாயே...

அனுப்பல்லயா... ஒரு சதமும்?...

முனவ்வறா, நான் அவனுக்கு அஞ்சு நேரத் தொழுகையிலயும் துஆக் கேட்டுக்கிட்டு இரிக்கன்.

...நீ அழுறியா சிரிக்கிறியா, ஒண்டும் விளங்குதில்ல... ஏசல்ல. ஆரு ஆர ஏசிற? கேளு, நானும் ஒண்டு சொல்லணும். நான் இண்டைக்கு...

பொறு. கேற்றடியில ஹோர்ன் அடிக்கிது. ஹாஜியார் ஓட்டோவோட வந்துட்டாரு... மீராமுகைதீன் ஹாஜியார்... எங்கயா? நொத்தாரிசுக்கிட்ட. ஹிமாயாட காணிய எழுதிக் குடுக்க...

ஓம். அந்தக் காணிதான்.

...

முனவ்வறா... ஏசு. ஏசினாலும் பரவாயில்ல...

என்ன சொன்ன?... இன்னொருக்காச் சொல்லு...

சரி. வைக்காத. காதுல வச்சபடி இரி.

அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார்... இல்ல, வரல்ல... சுகமெல்லாம் நல்லம், அல்ஹம்துலில்லாஹ். உறுதி முடிக்கிற வேலைய விட்டுருவம் ஹாஜியார்... காணி என்ட பேருலதான். வீடு என்ட மகள்ட. பொஞ்சாதியிட்டக் கேட்டன், அவ வேணாமெண்டுட்டா... ஓம், பொம்புளையிட்டக் கேட்டுத்தான். கேக்கப் பிந்திட்டன், அதுதான் என்ட பிழை... நொத்தாரிசுட காசா? அத நான் எப்பிடியும் தருவன்... ஆ, அத என்ட கடனா எழுதிக்கங்க... போயிட்டு வாங்க. வஅலைக்குமுஸ்ஸலாம்.

...முனவ்வறா. போயிட்டாரு. ஓட்டோச் சத்தம் கேட்டியா?... முகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போறாரு. நாளைக்குப் பள்ளியில என்ட ஸலாத்துக்குப் பதில் சொல்லமாட்டாரு...

எவ்வளவு எண்டா கேக்கிற? நீ முதல் சொல்லு... இல்ல, நீ சொல்லு... சரி, அங்க வந்து ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லுவம். தங்கச்சி முன்னால எண்டா நீ எனக்கு அடிக்கமாட்டாய்.

...ஹிமாயாவுக்கா? ஓம், சொல்லத்தான் வேணும். நீயும் நானும் சேர்ந்து சொல்லுவம்... ஐடென்டிக் கார்டும் லீசிங் காயிதமும் எடுத்துக்கிட்டு வாறன். வரிசைய விட்டுக் குடுக்காத...

சரி, வை.

பொறு, வைக்காத. முனவ்வறா... எனக்குப் பயமா இரிக்கி.

...ஒனக்குமா?

அல்ஹம்துலில்லாஹ். வாறன்.