கல் புலி முன்னால் கூட்டம்

ஈப்போவில் ஒரு நீர்ப்பூங்கா. நண்பகல் வெயிலில் பெரிய கல் புலியின் முன்னால் படம் எடுக்க ஒரே நெரிசல். என் பக்கத்தில் நடுவயதுத் தம்பதி நின்றிருந்தார்கள்.

கணவர் கைப்பேசியை இறக்கினார். "கொஞ்சம் இரு லா. கூட்டம் போவட்டும்."

"கூட்டம் போயிட்டா எனக்குப் படமே வேணாம்" என்றார் அந்த அம்மா.

"ஏன்?"

"எட்டு மாசம் ரூம்ல தனியா கெடந்தேன். கிருமி தொத்தும், யாரும் கிட்ட போகாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னிக்கு எல்லாரும் என்னை இடிச்சிக்கிட்டுப் போறாங்க. இப்படியே எடுங்க."

கணவர் கைப்பேசியை மறுபடி உயர்த்தினார். படத்துக்குக் குறுக்கே நிற்கிறோமோ என்று ஒரு மலாய்க் குடும்பம் ஒதுங்கப் பார்த்தது. அந்த அம்மா "மாரி, மாரி" என்று மலாயில் வரச்சொல்லி, கையைப் பிடித்து அவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிரித்தபடியே வந்து நின்றார்கள். பின்னால் வந்த சீனப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

படத்தைப் பார்த்த கணவர், "புலி வாலு மட்டுந்தான் தெரியுது" என்றார்.

அந்த அம்மா கைப்பேசியை வாங்கி, விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டார்.

"என்னோட சேத்து பத்தொம்பது பேருங்க."