ஒல்லாந்துக்குப் போன நாற்காலி

— முதல் பக்கம் எங்க, சார்?

— முதல் பக்கத்துல ஒண்ணும் இல்ல, டொரத்தி டீச்சர். அதாவது, வெறும் மரியாதை. சேமம், சேமமறிய ஆவல், அந்த மாதிரி. ஒல்லாந்துக்காரங்க மரியாதை தெரிஞ்சவங்க. நீங்க ரெண்டாம் பக்கத்துலேருந்து தமிழ்ல சொன்னாப் போதும்.

— ரெண்டாம் பக்கம் 'ஆகையினால்'னு ஆரம்பிக்குது. எதனாலன்னு தெரியாம எப்படிச் சொல்றது?

— ஆகையினால்னா ஆகையினால்தான். நாளைக்குச் சங்கத்துப் பொதுக்கூட்டம், டீச்சர். 'ஒல்லாந்து சர்வகலாசாலையின் கடிதத்தைக் காரியதரிசி தங்கராஜு அவர்கள் தமிழில் வாசிப்பார்'னு தலைவர் நோட்டீஸ் அடிச்சிட்டாரு. மூவார் கடைத்தெரு பூரா ஒட்டியாச்சு. மீன் மார்க்கெட் தூண்ல கூட என் பேரு இருக்கு.

— நீங்க தோட்டத்துப் பெரிய கிராணி. துரைக்குத் தினம் இங்கிலீசுல எழுதறவரு. இதைப் படிக்க நான் எதுக்கு?

— எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு, ரப்பர் பால் எத்தனை பவுண்டு, மழையால இன்னைக்கு வெட்டு இல்ல, ஆள் ரெண்டு சீக்கு. அவ்வளவுதான். இது வேற சாதி இங்கிலீசு. ஒரு வாக்கியம் இங்க கிளம்புனா அடுத்த மைல் கட்டையிலதான் போய் நிக்குது.

— ரெண்டு வருசமா இவங்களுக்குப் பதில் எழுதினது யாரு?

— நான்தான். மூவார்த் தமிழர் சர்வதேசக் கல்வி ஒத்துழைப்புச் சங்கம், கௌரவக் காரியதரிசி. ரப்பர் முத்திரை கூட சிங்கப்பூர்ல செஞ்சது.

— எத்தனை மெம்பர்?

— ஒம்பது. அதுல ஒருத்தர் காலமாயிட்டாரு. இன்னும் நீக்கல. எண்ணிக்கை ஒத்தைப்படையா இருந்தாத்தான் ஓட்டெடுப்பு சரியா வருமாம்.

— சரி. இங்க 'தாங்கள் அனுப்பிய நாற்காலி'ன்னு இருக்கே, அது என்ன? போன வருசம் மேளதாளத்தோட படகுத்துறைக்குப் போச்சே, அதுவா?

— அதேதான். பாத்தீங்களா நீங்க? செங்கால் மரம், டீச்சர். சீனன் ஆ லெங் நாலு மாசம் இழைச்சான். கைப்பிடி ரெண்டும் சிங்கம். முதுகுல மயில். மயிலுக்கு மேல 'தமிழ் வாழ்க'. சீனனுக்குத் தமிழ் தெரியாதுல்ல, 'தமழ் வாழ்க'ன்னு செதுக்கிட்டான். அப்புறம் சுழி சேக்கப் போயி மயிலுக்குக் கொண்டை ஒண்ணு அதிகமாயிடுச்சு. ஆனா பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. தலைவர் வீரமுத்து கண்ட்ராக்டர் முதல்ல அதுல உக்காந்து திறந்து வெச்சாரு.

— நாற்காலியைத் திறந்து வெச்சாரா?

— ரிப்பன் கட்டியிருந்தோம். வெட்டுனாரு. சூடம் காட்டினோம். தோட்டத்து ஜனங்க தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அப்புறம் லாரி, படகு, சிங்கப்பூர்ல கப்பல் மாத்தி, ஒல்லாந்து.

— அதை எதுக்கு அனுப்பினீங்க?

— கேட்டாங்களே. 'தமிழுக்கு ஒரு சேர் ஏற்படுத்தத் தீர்மானித்திருக்கிறோம், அதை நிரப்ப உங்கள் சங்கம் உதவ வேண்டும்'னு முதல் கடுதாசியிலேயே எழுதினாங்க. ஐரோப்பாவுல நல்ல மரம் இல்ல போலிருக்கு, பாவம்னு நெனச்சோம். கேள்வி எல்லாம் கூடக் கேட்டாங்க. 'சேர் நிரந்தரமானதா, சில வருடத்துக்கா'ன்னாங்க. செங்கால் மரம், நூறு வருசம் கரையான் தொடாதுன்னு எழுதினேன். 'சேருக்கு என்ன ஆதரவு தேவைப்படும்'னாங்க. நாலு காலே போதும், சுவத்துல சாய்க்க வேணாம்னு எழுதினேன். 'உதவியாளர் எத்தனை பேர்'னு கேட்டாங்க. தூக்குறதுக்கு ரெண்டு பேரு, மாடிப்படின்னா நாலு பேருன்னு எழுதினேன். எல்லாத்துக்கும் பதில் போட்டேன், டீச்சர். ஒண்ணைக்கூட விடல. ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க? சிரிக்கிறீங்களா?

— இல்ல, சார். எப்படிச் சொல்றதுன்னு பாக்கறேன். சர்வகலாசாலையில சேர்னா உக்காருற சாமான் இல்ல. பேராசிரியர் பதவி. தமிழ் சொல்லிக்குடுக்க அங்க ஒரு பதவி உண்டாக்கி, அதுக்கு ஆள் கேட்டிருக்காங்க.

— ஆளா?

— ஆளு. நீங்க மரத்தை அனுப்பியிருக்கீங்க.

— அலமாக். டீச்சர், ஒரு தயவு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்டுல போஸ்டாபீஸ் மணியம் இருக்காரு. ஆனா, அதாவது, நீங்கதான சொன்னீங்க?

— நானா?

— மாதா கோயில் வாசல்ல. போன வருசம் பெரிய வியாழன் அன்னைக்கு. சேர்னா என்ன டீச்சர்னு கேட்டேன். நாற்காலின்னீங்க. காகிதத்தைக் கூட காட்டினேனே.

— ஒரு வார்த்தையைக் காட்டினீங்க. மேலயும் கீழயும் கட்டைவிரலை வெச்சு மறைச்சிருந்தீங்க. மழை வேற. அந்த ஒரு வார்த்தைக்கு நாற்காலின்னுதான் சொல்ல முடியும். எதுக்கு மறைச்சீங்க?

— சங்கத்து ரகசியம்.

— முதல் பக்கத்தைக் குடுங்க, சார். உங்க சட்டைப் பையிலேருந்து நீட்டிக்கிட்டு இருக்கு.

— டீச்சர், அது வேணாம்.

— குடுங்க. இல்லன்னா நாளைக்கு நீங்களே மேடையில நின்னு பால் எத்தனை பவுண்டுன்னு வாசிங்க.

— இந்தாங்க. ஆனா படிச்சுட்டு என்னை ஒண்ணும் கேக்காதீங்க.

— 'பேராசிரியர் தங்கராஜு அவர்களுக்கு. தாங்கள் தொகுத்து எங்களுக்கு அனுப்பிய, மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழரின் நானூற்றுப் பதினேழு சொற்கள்.' நானூத்துப் பதினேழு.

— டீச்சர்.

— என் நோட்டு. நீலக் காலிகோ அட்டை. சங்கத்து மூலமா அச்சடிச்சுத் தரேன்னு முப்பத்தொண்ணுல வாங்கிட்டுப் போனீங்க. வருசா வருசம் கேட்டேன். கரையான் தின்னுடுச்சுன்னீங்க. அதுக்காக நான் ரெண்டு நாள் சாப்பிடல, தெரியுமா உங்களுக்கு? நீங்க அலுமாரியை எல்லாம் மாத்தி வெக்கச் சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னீங்க.

— அச்சடிக்கத்தான் எடுத்துட்டுப் போனேன். சத்தியமா. அப்புறம் தலைவர், சர்வதேச ஒத்துழைப்புன்னு பேரு வெச்சிட்டு ஒரு தேசத்தோடயும் ஒத்துழைக்கலையேன்னாரு. அனுப்ப எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல. என் கையெழுத்துல பிரதி எடுத்தேன். முன்னூறாம் வார்த்தை வரும்போது கை வலி. இவ்வளவு எழுதினவன் பேரு ஒரு ஓரத்துல இருந்தா என்னன்னு தோணுச்சு.

— ஓரத்துலயா?

— நடுவுல. என்னைத் திட்டுங்க, டீச்சர். என் சம்சாரம்னா இந்நேரம் விளக்கமாத்தை எடுத்திருப்பா, மனசுக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

— மேல படிக்கறேன். 'இவற்றைக் கண்டுதான் தமிழுக்கு ஒரு பதவி ஏற்படுத்தி, அதற்குத் தங்களிடம் ஆள் கேட்டோம். ஆகையினால், மிக அழகான நாற்காலி வந்து சேர்ந்தபோது நாங்கள் சற்றுத் திகைத்தோம். பிறகு, ஆசனத்தை முன்னால் அனுப்பி, ஆசிரியர் பின்னால் வருவது தங்கள் நாட்டு வழக்கம் என்று புரிந்துகொண்டோம்.'

— நல்ல மனுசங்க.

— 'அதை நூலகத்தின் நடுவே வைத்திருக்கிறோம். மரியாதை கருதி யாரும் அதில் அமர்வதில்லை. மாணவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எட்டு மாதமாகக் காத்திருக்கிறோம்.'

— எட்டு மாசமாவா? அந்த ரெண்டு கொண்டை மயிலைச் சுத்திக்கிட்டா? தலையை எங்க கொண்டு போய் வெச்சுக்கிறது, டீச்சர்?

— 'அதில் அமரப் போகிறவரின் பெயரை இந்தக் கடிதம் கண்டவுடன் எழுதுங்கள். வருடக் கடைசிக்குள் பெயர் வராவிட்டால் இந்தப் பதவியை வேறொரு மொழிக்குக் கொடுத்துவிடுவார்கள். கப்பல் பயணத்துக்கு நாங்களே ஏற்பாடு செய்வோம்.' இன்னைக்கே தேதி பதினெட்டு, நவம்பர். நாளைக்குப் போற தபாலை விட்டா, பேரு நேரத்துல போய்ச் சேராது.

— உங்க பேரை எழுதுங்க.

— என்ன சொன்னீங்க?

— நோட்டு உங்களுது. நாற்காலி உங்களுது. நான் முத்திரை குத்தித் தரேன். தங்கராஜு பிரதி எடுத்தவன், அவ்வளவுதான்னு எழுதுங்க. நாளைக்கு மேடையிலயும் சொல்லிடறேன். தலைவர் என்னை நீக்குவாரு. நீக்கட்டும், செத்தவரையே நீக்காத சங்கம், எனக்கு எப்படியும் ஒரு வருசம் ஆகும்.

— நெசமாத்தான் சொல்றீங்களா?

— பொய்யி இருப்புல இல்ல, டீச்சர். தீந்துபோச்சு.

— பன்னெண்டு வருசம் சார், நான் இந்த ஊர்ல அ, ஆ சொல்லிக்குடுக்கறேன். கான்வெண்டுல படிச்ச பொண்ணு, தோட்டத்துத் தமிழை எதுக்குப் பொறுக்கிக்கிட்டுத் திரியறான்னு எங்க அண்ணன் கேட்டாரு. பாதிரியார் கேட்டாரு. அதெல்லாம் ஒரு பாஷையான்னு சிரிச்சாங்க. எனக்கு ஒரு இடத்துல போய் நின்னு, ஆமா, பாஷைதான்னு சொல்லணும். ஒரே ஒரு தடவை. குளிரு ஒத்துக்குமான்னு கூட கவலை இல்ல.

— அப்ப எழுதுங்க. பேனா இருக்குல்ல?

— இருக்கு. எழுதறேன். குமாரி டொரத்தி.

— ஏன் நிறுத்திட்டீங்க?

— கையெழுத்துக்குக் கீழ இன்னும் கொஞ்சம் எழுதியிருக்காங்க, சார். இப்பத்தான் பாக்கறேன்.

— வாழ்த்தா இருக்கும்.

— இல்ல. உங்களுக்குப் படிக்க வராது. நான் சொல்லலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல.

— டீச்சர், மறைச்சவன் கதி எப்படின்னு எதிர்லயே உக்காந்திருக்கேன். வாசிங்க.

— 'ஒரு சந்தேகம். சொற்களை விட, அவற்றுக்குக் கொடுத்திருக்கும் விளக்கங்களே எங்களை வியக்க வைத்தன. பெரட்டு: விடியுமுன்னே பேர் கூப்பிடுவது, ஆள் செத்தாலும் பேர் ரெண்டு நாள் பெரட்டில் நிற்கும். பசியாறுதல்: காலையில் தின்பது, பசி ஆறாது, பேர் மட்டும் அப்படி. இப்படி முன்னூறுக்கும் மேல். ஒவ்வொன்றின் முடிவிலும் பே என்று ஓர் எழுத்து இருக்கிறது. அது ஒரு நூலின் பெயரா, புலவரின் பெயரா? புலவர் என்றால், நாங்கள் அழைக்க வேண்டியது அவரைத்தானா?'

— அந்தப் 'பே'யா? நான் பிரதி எடுக்கும்போது பாத்தேன். பேராசிரியர்னு நெனச்சேன், டீச்சர். அதான் என் பேருக்கு முன்னாலயும் ஒண்ணு போட்டுக்கிட்டேன்.

— பேச்சியம்மாள்.

— எந்தப் பேச்சியம்மாள்?

— உங்க தோட்டத்து ஆளுதான். பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தா. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வரும்போது இங்க வந்துட்டுப் போவா. நான் வார்த்தையைச் சொல்லுவேன், அவ அர்த்தத்தைச் சொல்லுவா. நான் எழுதிக்குவேன். அட்டையில 'தொகுத்தவர் டொரத்தி'ன்னு முழுப் பேரு போட்டுக்கிட்டேன். அவளுக்கு ஒரு எழுத்துதான் குடுத்தேன்.

— நாலாம் நம்பர் கூலி லயத்துப் பேச்சியம்மாளா? கன்னத்துல தழும்பு? ரப்பர் விலை விழுந்தப்போ ஆள் குறைச்சு ஊருக்குக் கப்பல் ஏத்தினோமே, அந்த லிஸ்டுல போயிட்டா. நான்தான் எழுதினேன்.

— எந்த ஊருன்னு எழுதினீங்க?

— ஊருக்குக் கட்டம் இல்ல, டீச்சர், அந்த ஃபாரத்துல. பெண், வயது சுமார் நாப்பது. அவ்வளவுதான். இப்ப எதுக்கு அது? எங்க போய்த் தேடுறது? தேடிப் பிடிச்சாலும், அவளைக் கொண்டுபோய் சர்வகலாசாலையில நாற்காலியில உக்கார வெச்சா, அதுல எப்படி உக்காரணும்னாவது அவளுக்குத் தெரியுமா?

— தெரியாது, சார். மூணு வருசம் இந்த வீட்டுக்கு வந்தா, நீங்க இப்ப காலை நீட்டி வெச்சிருக்கீங்களே, அந்த இடத்துல தரையில உக்காந்துதான் அத்தனையும் சொன்னா. மேல உக்காருன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல.