ஆவுடை வாசல்ல கேட்டது

சம்மந்திமாரே, கோவத்த ஓரமா வச்சுட்டுச் செத்த உக்காருங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு. எதுக்கு மொகத்தத் தூக்கி வச்சுருக்கீகன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பதிலு ஒரு கதையிலதான் இருக்கு. வெத்தலையப் போட்டுக்கிட்டே கேளுங்க.

இந்தத் தார் ரோடு வெறும் வண்டிப்பாதையாக் கெடந்த காலமாம். கெணத்துத் தண்ணியக் கமலை கட்டி எறச்ச காலமாம். அப்ப இதே நெடுங்காப்பட்டியில தவசின்னு ஒருத்தரு இருந்தாராம். பேருதான் தவசி. கையில காசு தங்காது. பருத்தி போட்ட காசு, வத்தல் போட்ட காசு, எல்லாம் வந்த சுருக்குல போயிரும். கெட்ட மனுசன்னு சொல்ல முடியாதாம். குடி கெடையாது, சூது கெடையாது. ஆனா சந்தைக்குள்ள காலெடுத்து வச்சா அவருக்கு ஒரு சத்தம் கேக்கணும். "வாங்க மொதலாளி, வாங்க!" அந்தச் சத்தம் காதுல விழுந்துருச்சா, போச்சு. மடி தானா அவுந்துரும்.

அவரு பொஞ்சாதி பேரு ஆவுடை. வாயில்லாப் பூச்சின்னு நெனச்சுராதீக. நல்லாப் பேசுவா. கோழி வளத்து, முட்டை வித்து, ஊரான் காட்டுல பருத்தி எடுத்து, காசு காசா முடிஞ்சு வைப்பாளாம். ஒரே ஒரு பொண்ணு, மாரிக்கனி. வயசுக்கு வந்து வீட்டுல இருந்த புள்ள.

கமலைன்னா இங்க இருக்குற எளவட்டங்களுக்குத் தெரியாது. ரெண்டு மாடு சரிவுல எறங்கும். மாட்டுக்கும் கெணத்துக்குள்ள தண்ணி மொள்ளுற கூனைக்கும் நடுவுல ஒரே ஒரு வடம், நல்ல கைத்தண்டிக் கயிறு. மாடு எறங்க எறங்க, கூனை தண்ணியோட மேல ஏறும். அந்த வடம் அத்துப்போனா கூனை கெணத்துக்குள்ள போயிரும். அம்புட்டுத்தான் சங்கதி.

தவசி வீட்டு வடம் நைஞ்சுபோச்சாம். அத்த எடத்துல முடிச்சு. முடிச்சுக்குப் பக்கத்துல இன்னொரு முடிச்சு. முடிச்சு உருளையில ஏறுறப்பெல்லாம் கடக்குன்னு ஒரு சத்தம் வருமாம். அந்தச் சத்தம் வந்தா மாட்ட நிறுத்தி, முடிச்சு எளகிருச்சான்னு பாத்துட்டு, இறுக்கிக் கட்டிட்டு, அப்பறம் ஓட்டணும்.

"புது வடம் வாங்கிருங்க"ன்னு ஆவுடை முட்டைக் காச எடுத்துக் குடுத்தாளாம்.

வியாழக்கெழம சந்தை. தவசி வடம் வாங்கப் போனாராம். வடம் வாங்காம வந்தாராம். கையில ஒரு ஓலைக் கொட்டான் நெறையச் சேவு, இன்னொரு கொட்டான் நெறையக் கருப்பட்டி மிட்டாயி. தெருப்புள்ளைக எல்லாத்துக்கும் அள்ளிக் குடுத்தாராம். தெருவே சிரிச்சுச்சு. ஆவுடை சிரிக்கல.

அடுத்த சந்தைக்கும் வடம் வாங்கப் போனாராம். வடம் வாங்காம வந்தாராம். தோள்ல சரிகை போட்ட துண்டு. "எப்பிடி இருக்கு?"ன்னு திரும்பித் திரும்பிக் காமிச்சாராம்.

"துண்ட வச்சுத் தண்ணி எறைக்க முடியுமா?"ன்னாளாம் ஆவுடை.

"அடுத்த வாரம் வாங்கிட்டாப் போச்சு. வடம் எங்க ஓடிப் போகுது?"

இப்பிடியே வாரம் போகுது. இதுல ஒரு சங்கடம் இருந்துச்சு, கேட்டுக்கோங்க. வெளிய கெளம்பி வாசப்படி எறங்குறவன "எங்க போற, என்னத்துக்குப் போற"ன்னு கேக்கக் கூடாது. கேட்டா போற காரியம் வெளங்காது. ஒங்க ஊர்லயும் அப்பிடித்தான? அப்ப எங்க ஊர்லயும் அப்பிடித்தான் இருந்துச்சாம். அதனால ஆவுடை காசக் குடுப்பா, வாய மூடிக்குவா. அவரு வாசப்படி எறங்குவாரு. இவ மனசுக்குள்ளயே "வடம், வடம்"னு சொல்லிக்குவா. மனசுக்குள்ள சொல்றது அவரு காதுல எப்பிடி விழும்?

கடைசியா ஒரு வியாழக்கெழம. கெணத்துல தண்ணி வத்தி, மொளகாச் செடி வாடி நிக்குது. தூர் எடுக்கணும், ஊத்துக்கண்ணத் தெறந்து விடணும். வடம் இல்லாம ஆகாதுன்னு ஆகிப்போச்சு. ஆவுடை தன் காதுல கெடந்தத வித்துக் காசக் குடுத்தாளாம். அவரு சரிகைத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வாசப்படி எறங்குறாரு. அவளுக்குத் தாங்கல. கேட்டுட்டா.

"என்ன வாங்கப் போறீக?"

அம்புட்டுத்தான் கேட்டா. தவசி திரும்புனாரு. தெரு பாத்துக்கிட்டு இருக்கு. பளார்னு ஒரு அறை.

"போறப்பக் கேக்குறியாடி? ஒனக்கு அறிவிருக்கா? போற காரியம் வெளங்குமா?"

உள்ள வந்து உக்காந்து, சகுனம் கழியட்டும்னு ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டு, மறுபடி எறங்கிப் போனாராம். மாரிக்கனி கதவு மூலையில நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா.

பொழுது சாயத் திரும்பி வந்தாரு. வர்றதுக்கு முன்னாலயே சத்தம் வருது. சல் சல், சல் சல். மாட்டுக்கு வெங்கலச் சலங்கை வாங்கிட்டு வந்துருக்காரு! கழுத்து நெறைய, ஜோடிச் சலங்கை.

"வடம் எங்க?"

"போறப்ப வாயத் தொறந்தியே, எப்பிடிக் கெடைக்கும்? நல்ல வடமெல்லாம் நான் போறதுக்குள்ள வித்துப்போச்சு. எல்லாம் ஒன்னாலதான்."

பாத்தீகளா? காச அவரு அழிச்சாரு. பழிய அவ வாயி மேல போட்டாரு. எனக்கு இந்த எடம் வர்றப்பெல்லாம் வயிறு எரியும். செத்துப்போன ஆளு மேல கோவப்பட்டு என்ன பண்ண, ஆனாலும் எரியத்தான் செய்யும்.

பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட நல்ல வடம் இருந்துச்சாம். கேட்டா ஒரு நாளைக்குக் குடுத்துருப்பாரு. கேக்க தவசிக்கு கௌரவம் எடங்குடுக்கல. சலங்கை கட்டுன மாட்ட வச்சுக்கிட்டுப் போயி, "வடம் இல்ல, குடுங்க"ன்னு எப்பிடிக் கேப்பாரு? தூர் எடுக்கக் கூலிக்கு ஆள் கூப்புடவும் காசில்ல. ஆவுடைதான் சேலைய இழுத்துச் செருகிக்கிட்டுக் கெணத்துக்குள்ள எறங்குனா.

எறங்குறதுக்கு முன்னால வடத்தத் தொட்டுப் பாத்தாளாம். "தாங்குமா?"

"யானையக் கட்டி இழுத்தாலும் தாங்கும். நீ எறங்கு."

அவ அடியில நின்னு சகதியும் கல்லுமா வெட்டிக் கூனையில போடுறா. அவரு மேல மாட்ட ஓட்டுறாரு. மாரிக்கனி கூனையச் சாச்சுக் கொட்டுறா. மொதக் கூனை வந்துச்சு. ரெண்டாங் கூனை வந்துச்சு. மாடு நடக்க நடக்கச் சலங்கை சல் சல்லுங்குது. காடு பூராவும் அந்தச் சத்தந்தான். பாதையில போறவுக நின்னு பாக்குறாக. "என்ன தவசி, மாட்டுக்குக் கல்யாணமா?"ன்னு ஒருத்தரு கேட்டாராம். இவருக்குப் பெருமை தாங்கல. மாட்டத் தட்டி ஓட்டுறாரு.

கடக்குங்குற அந்தச் சத்தம் வந்துச்சு. வராம இருக்குமா? முடிச்சு உருளையில ஏறுனா வரத்தான செய்யும்? சலங்கைச் சத்தத்துல அது அவரு காதுல விழல.

வடம் அத்துப்போச்சு.

மாடு ரெண்டும் முட்டி மடங்கி விழுந்துச்சு. கூனை நெறையக் கல்லோட கெணத்துக்குள்ள போச்சு. கெணத்துலருந்து ஒரு சத்தமும் வரல. அதான் ரொம்பக் கொடுமைன்னு சொல்லுவாக. மாரிக்கனி "அம்மா, அம்மா"ன்னு குனிஞ்சு கூப்புடுறா, பதிலே இல்ல. பக்கத்துக் காட்டுக்காரரு தன் வடத்தத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாராம். அந்த வடத்தக் கட்டித்தான் ஆவுடைய மேல எடுத்தாக.

அதோட தவசி திருந்திட்டாருன்னு சொன்னா கதை நல்லாருக்கும். ஆனா நடந்தது அப்பிடி இல்லயாம்.

காரியத்துக்குச் சாமான் வாங்கணும்னு ஒரு மாட்ட வித்துட்டு அதே சந்தைக்குப் போனாரு. "வாங்க மொதலாளி!" ஜவுளிக்கடைக்காரரு கூப்புட்டாரு. போயி உக்காந்தாரு. 'உசுரோட இருக்கயில அவ ஒரு பட்டு கட்டல, படையல்லயாவது வைப்போம்'னு ஒரு பட்டுச் சேலைய எடுத்து மடியில வச்சுட்டாரு. ஏழு ஊருக்குச் சாப்பாடு போடணும், ஊரு மெச்சணும்னு மனசு ஓடுது. மடிய அவுக்கக் கையக் கொண்டு போனாரு. அப்பத்தான் தன் கைய அவரே பாத்தாராம். பொஞ்சாதியக் கொன்ன கை இன்னமும் அதே மாதிரிதான போகுதுன்னு நெனச்சாராம். சேலைய வச்சுட்டு, அரிசி கூட வாங்காம ஓடியாந்து, மாடு வித்த காசப் பூராவும் மக கையில குடுத்துட்டாரு. வாழ்க்கையில அவரு மொதல் மொதல்ல பயந்தது அன்னைக்குத்தானாம்.

அடுத்த வியாழக்கெழம வாசப்படியில வந்து நின்னாரு. எறங்கல.

"தாயி, மாரிக்கனி, என்னைய ஒரு வார்த்த கேளு தாயி."

"என்னன்னு கேக்க?"

"என்ன வாங்கப் போறீகன்னு கேளு."

அவ அடுப்ப விட்டு எந்திரிக்கல. "அதக் கேட்டதுக்குத்தான எங்கம்மாவ அறஞ்சீக. நான் கேக்க மாட்டேன்."

அவரு சந்தைக்குப் போகல. தெருவுல போறவுகளப் புடிச்சு, "நீங்களாவது கேளுங்கய்யா"ன்னு கெஞ்சுனாராம். யாரும் கேக்கல. சகுனத்தக் கெடுத்த பாவம் நமக்கெதுக்குன்னு வெலகிப் போயிட்டாக. 'புத்தி பேதலிச்சுப் போச்சு'ன்னு பேசிக்கிட்டாக. வியாழக்கெழமைக்கு வியாழக்கெழம அவரு வாசல்ல வந்து நிக்க வேண்டியது, யாரும் கேக்காம உள்ள போயிர வேண்டியது. வீட்டுல பருப்பு தீந்துச்சு. புளி தீந்துச்சு. உப்பும் தீந்துச்சு. உப்பில்லாக் கஞ்சியத் தகப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உக்காந்து குடிச்சாக.

ஒரு வியாழக்கெழம மாரிக்கனி வாசலுக்கு வந்தா. அவர நேராப் பாத்தா.

"என்ன வாங்கப் போறீக?"

"உப்பு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல தாயி."

உப்புக்குண்டான காச மட்டும் குடுத்தாளாம். உப்பு வந்துச்சு. அதுக்கடுத்த வாரம் புளியும் பருப்பும் சொல்லிட்டுப் போனாரு. திரும்பி வர்றப்ப மடியில ஒரு கொம்புச் சீப்பும் இருந்துச்சு. "ஒனக்குத்தான் தாயி."

"இத வாசல்ல சொல்லலயே."

"சின்னச் சாமான்தான..."

"வாங்குன கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

நல்ல உச்சி வெயிலு. அம்புட்டுத் தூரமும் திரும்ப நடந்தாராம். கடைக்காரரு சிரிச்சாரு. "என்ன மொதலாளி, சீப்பத் திருப்புறீக?" இவரு சொன்னாராம்: "நான் மொதலாளி இல்லப்பா. நான் புளியும் பருப்பும் வாங்க வந்த ஆளு."

அதுக்கப்பறம் எத்தன தடவ தவறுனாரோ, எத்தன தடவ திரும்ப நடந்தாரோ, யாரு கண்டா. ஒரே நாள்ல வந்துரல. வாரா வாரம் மக கேக்க, இவரு பதில் சொல்ல, சொன்னத மட்டும் வாங்க, மிச்சத்த மக கையில குடுக்க, அப்பிடியே பழகுனாராம். மீந்த காசு கொஞ்சங்கொஞ்சமாச் சேந்துச்சு.

மறு வருசம் பருத்தி எடுப்பு முடிஞ்சு ஒரு வியாழக்கெழம அவ கேட்டா. "என்ன வாங்கப் போறீக?"

"வடம்"னாராம்.

போனாரு. வடத்தோட வந்தாரு. முத்தத்துல எறக்கி வச்சாரு. புது வடம், நல்ல முறுக்கு. மிச்சக் காச மக கையில குடுத்தாரு. மாரிக்கனி அந்தக் காசப் பாத்தா, வடத்தப் பாத்தா.

"இம்புட்டுதானா அய்யா இதுக்கு வெல?"

அவரு குனிஞ்சு வடத்தச் சுருட்டுனாரு.

"சலங்கைய விடக் கொறச்சலா?"

"ஆமா தாயி."

அதுக்கப்பறம் தகப்பனும் மகளும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசுனதில்லயாம். அவ அவர மன்னிச்சாளான்னு கேட்டா எனக்குத் தெரியாது. எங்க ஆளுக யாரும் அத அழகு பண்ணிச் சொன்னதில்ல. அவரு சாகுற வரைக்கும் வியாழக்கெழம தவறாம வாசல்ல நின்னு கேட்டா, அம்புட்டுத்தான் தெரியும். அவ கேக்குறதப் பாத்து எதுத்த வீட்டுப் பொம்பள தன் புருசனக் கேட்டா. அவளப் பாத்து அடுத்த வீட்டுக்காரி கேட்டா. இப்ப இந்தச் சுத்துப்பட்டுல எங்க போனாலும் கெளம்புறவனக் கேட்டா அபசகுனம். நெடுங்காப்பட்டியில மட்டும் கேக்காம விட்டா அபசகுனம். காசோட வாசப்படி எறங்குற எவனும், பெரிய உத்தியோகம் பாத்தாலும் சரி, கேள்விக்கு நின்னு பதில் சொல்லிட்டுத்தான் எறங்கணும்.

காலையில நீங்க டவுனுக்குக் கெளம்புறப்ப எங்க மதினி வாசல்ல மறிச்சு, "என்ன வாங்கப் போறீக?"ன்னு கேட்டுட்டா. கல்யாணத்துக்கு வந்த எடத்துல சகுனத்தக் கெடுத்துட்டாகன்னு மொகத்தத் தூக்கிட்டீக. அவ ஒங்கள அவமானப்படுத்தல. எங்க வீட்டாளா நெனச்சுக் கேட்டா.

நேத்து ஒங்க பொண்ணு இந்த ஊருக்கு வாழ வந்துருக்கா. வர்ற வியாழக்கெழமையிலருந்து அவளும் வாசல்ல நின்னு எங்க பயலக் கேப்பா. அவன் பதில் சொல்லணும். சொல்ல மாட்டேன்னு எறங்குனா தெருவே கேக்கும். கேட்டதுக்காக அவ மேல கை ஓங்குனான்னு வைங்க, நீங்க வரவே வேண்டாம், நாங்களே பாத்துக்குவோம். அப்பிடிக் கேட்டு அறை வாங்குன பொம்பள இந்த ஊருக்கு ஒருத்தி போதும்.